தூசி இல்லாத படம்

"எது நீண்ட நாள் உழைக்கும்?" என்று கம்ப்யூட்டர் வாங்க என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள், நான் பதில் சொன்னதும் முகத்தைச் சுளிப்பார்கள். அப்பளம் மாதிரி மெல்லிசாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், விலையும் சல்லிசாக இருக்க வேண்டும், பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போகிற வரைக்கும் உழைக்கவும் வேண்டும் என்றால் நான் எங்கே போவேன்? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள், ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள் என்பேன். திறந்து பார்க்க முடிகிறதுதான் பிழைக்கும். பசை போட்டு ஒட்டி மூடியதை நம்பாதீர்கள். இதைச் சொல்லியே பாதிப் பேரைத் துரத்தியிருக்கிறேன். மீதிப் பேர் இன்னும் அதே கம்ப்யூட்டரை வைத்திருக்கிறார்கள்.

நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கம்ப்யூட்டர் சாகாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவளே நான்தான்.

என்னுடையது கறுப்பு லேப்டாப். லேப்டாப் என்று பெயரே தவிர, அதை மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். பேட்டரி எப்போதோ போய்விட்டது. பிளக்கில் சொருகினால்தான் உயிர் வரும். விசைப்பலகை, விசிறி, டிஸ்க் எல்லாவற்றையும் ஒரு முறையாவது மாற்றியிருக்கிறேன். என் தம்பி அதற்கு அம்மிக்கல் என்று பெயர் வைத்திருக்கிறான். அந்தச் சனிக்கிழமை காலையில் அம்மிக்கல் என் மேஜைமேல் முனகிக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தது. எதிரே தம்பி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் சூப்பர் மார்க்கெட் மேனேஜரும் கான்ட்ராக்டரும் வந்துவிடுவார்கள்.

தம்பி எலக்ட்ரீஷியன். அந்த சூப்பர் மார்க்கெட்டைப் புதுப்பித்தபோது ஒயரிங் முழுக்க அவன் செய்ததுதான். புதுப்பித்துத் திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, முந்தின நாள் பழப் பகுதிக்கு மேலே ஃபால்ஸ் சீலிங் இடிந்து விழுந்துவிட்டது. பழம் எடை போடுகிற அம்மா தோள் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். சீலிங்கைத் தாங்கும் தொங்கு கம்பிகளை எலக்ட்ரீஷியன் கேபிள் இழுக்கும்போது வெட்டிவிட்டான், அதனால்தான் விழுந்தது என்று கான்ட்ராக்டர் சொல்கிறார். போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகவும் சொல்லியிருக்கிறார். அது நிலைத்துவிட்டால் இந்த ஊரில் ஒரு சுவிட்சைத் தொடக்கூட யாரும் தம்பியை விடமாட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகள் அவனுக்கு. பெரியவள் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறாள்.

"நான் ஒரு கம்பியக்கூட வெட்டலக்கா" என்று முந்தின நாளே சொல்லிவிட்டான். எனக்கு அது போதும். அவன் வேறு எதில் பொய் சொன்னாலும் வேலையில் பொய் சொல்கிறவன் இல்லை. உடனே மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"சீலிங் மூடறதுக்கு முன்னாடி நான் எடுத்த படம் இருக்கு சார். கம்பி எல்லாம் முழுசா இருக்கறது அதுலயே தெரியும். காலையில கான்ட்ராக்டரயும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றேன்.

தம்பியைக் கேட்காமல்தான் சொன்னேன். அவனிடம் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. வாயடைத்துப்போய்விட்டான், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் எப்படி என்னிடம் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. சிலர் பறவையைப் படம் எடுப்பார்கள், சிலர் சூரியன் மறைவதை எடுப்பார்கள். நான் கடைகளைப் புதுப்பிப்பதைப் படம் எடுப்பேன். செருப்புக் கடை, மருந்துக் கடை, பேக்கரி, எதுவானாலும் சரி, "புதுப்பிக்கும் பணி நடைபெறுகிறது" என்று பலகை தொங்கினால் என் கால் தானாக நிற்கும். பழைய கடையை ஒரு படம், உடைத்துப் போட்டிருக்கும்போது ஒரு படம், புதுசாக மூடிப் பூசிய பிறகு ஒரு படம். மூன்றையும் அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில் எடுப்பேன். ஆட்கள் வரக்கூடாது, கடை மட்டும்தான் வர வேண்டும். இதில் எனக்கு உயிர் நடுப்படம்தான். சீலிங் திறந்து, கம்பியும் குழாயும் ஒயரும் எல்லாம் வெளியே தெரிய, கடை தன் வயிற்றைத் திறந்து காட்டுகிற நேரம் அது. "கல்யாண வீட்டுல சமையல்கட்டப் போய் படம் எடுக்கற ஆளு நீ" என்று தம்பி கிண்டல் செய்வான். ஆனால் அவன் வேலை செய்கிற கடைகளில் எனக்கு அனுமதி வாங்கித் தருவதும் அவன்தான்.

இந்த சூப்பர் மார்க்கெட்டில் அனுமதிக்குப் பஞ்சமே இல்லை. பில் போடும் கம்ப்யூட்டர்களை மேனேஜர் என் பேச்சைக் கேட்டுத்தான் வாங்கினார். அந்த மரியாதையில், வேலை நடந்த நாட்களில் என்னை எங்கே வேண்டுமானாலும் ஏணி போட விட்டார்.

"இன்னும் திறக்கலயா?" என்றான் தம்பி.

"அடிமேல் அடி வெச்சா அம்மியும் நகரும். இரு."

"பழசுதானேக்கா. திறக்கலன்னா விட்டுரு."

"யாரு கம்ப்யூட்டரைப் பாத்து என்ன சொல்ற?" என்று முறைத்தேன். "மடியில கனம் இல்லன்னா வழியில பயம் எதுக்கு? காபி குடிக்கறியா?"

வேண்டாம் என்று தலையாட்டினான். முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவன் சின்ன வயசில் பரீட்சை முடிவு வருகிற நாளில்தான் அப்படி ஆட்டுவான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அம்மிக்கல் திறந்தது. கடையின் பெயர் போட்ட ஃபோல்டருக்குள் போய், நடுப்படங்களைத் தேடினேன். முதலில் பழப் பகுதி. நான் எடுத்த நடுப்படங்களிலேயே அழகானது அதுதான். எத்தனை முறை திறந்து பார்த்து ரசித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. தொங்கு கம்பிகள் மழைக் கோடு மாதிரி வரிசையாக இறங்குகின்றன. கீழே சீலிங் பலகைகளுக்கான அலுமினியச் சட்டம். சட்டத்துக்கு மேலே, அடிக்கோல் வைத்து வரைந்த மாதிரி, ஒயர்களை ஏந்திப் போகும் தம்பியின் கேபிள் ட்ரே. தரையில் ஒரு ஒயர் துண்டு கிடையாது. காற்றில் ஒரு துகள் தூசி கிடையாது. வெளிச்சம் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

"பாத்தியா, ஒரு கம்பி வெட்டுப்படல" என்றேன். "எண்ணிக் காட்டறேன் அந்த ஆளுக்கு. கிட்ட போய்ப் பாக்கலாம் இரு."

படத்தைப் பெரிதாக்கினேன். அம்மிக்கல் மேலிருந்து கீழாக, வரி வரியாகத்தான் காட்டும். முதலில் கான்கிரீட் கூரைத் தளம் வந்தது. அப்புறம் தளத்தில் திருகிய கொக்கிகள். அப்புறம் கம்பிகள். அப்புறம் கேபிள் ட்ரே வந்தது. ட்ரேயின் ஓரத்தில், ஒவ்வொரு கம்பியும் அதைத் தொடுகிற இடத்தில், கறுப்பாக ஒரு முடிச்சு.

என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

"இதென்னடா?"

"பிளாஸ்டிக் டேக். ஒயர் கட்டறது."

"அது தெரியுது. எதோட சேத்துக் கட்டியிருக்கு?"

தம்பி திரையைப் பார்க்கவில்லை. மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சீலிங் கம்பியோட" என்றான்.

"ட்ரேக்குத் தனியா தளத்துல துளை போட்டு, தனிக் கம்பியில தொங்கவிடணும். சீலிங் கம்பி சீலிங்கைத் தாங்க மட்டும்தான். இத எனக்குச் சொல்லித் தந்ததே நீதானே?"

"ஆமா."

"அப்புறம்?"

"துளை போட்டா தூசி வரும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தூசி வந்தா தொடைக்கறது. இத்தன வருஷமா தூசியில பொரண்ட பய, உனக்கென்ன புதுசா தூசி மேல பயம்?"

அப்போதுதான் அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நீதானேக்கா போன் பண்ண" என்றான்.

எனக்கு உடனே நினைவு வந்தது. அதுதான் கொடுமை. கொஞ்சம் யோசிக்கவாவது நேரம் கிடைத்திருக்கலாம். படம் எடுப்பதற்கு முந்தின நாள் அவனைக் கூப்பிட்டேன். நாளைக்கு மட்டும் ட்ரில்லை எடுக்காதேடா, தூசி கிளம்பினால் படம் பாழ், தரையில் ஒயர் சுருள் எதுவும் கிடக்கக்கூடாது, எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடு என்றேன். சரிக்கா என்றான். சரிக்கா என்று அவன் சொல்லாத நாள் ஏது?

"ஒரு நாளைக்குன்னுதான் கட்டினேன்" என்றான் தம்பி. "மறுநாள் துளை போட்டு மாத்திக்கலாம்னு. மறுநாள் காலையிலேயே கான்ட்ராக்டர் வேற சைட்டுக்கு அனுப்பிட்டார். மேல வேலை பாக்கி இருக்கு, மூடாதீங்கன்னு சீலிங் ஆளுங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தா வெள்ளை வெளேர்னு மூடிக் கெடக்கு."

"சொல்லியிருக்கலாமே."

"நான் திரும்பி வந்ததே திறப்புக்கு முந்தின நாள்க்கா. மாத்தணும்னா மொத்தத்தையும் பிரிக்கணும். கான்ட்ராக்டர் என்னைக் கொன்னே போட்டிருப்பார். வெறும் ஒயர்தானே, தாங்கும்னு விட்டுட்டேன். அதுக்குள்ள ஏசிக்காரங்க அவங்க செப்புக் குழாயயும் என் ட்ரே மேலயே போட்டுட்டாங்க. அது எனக்கு நேத்து விழுந்தப்பறம்தான் தெரியும்."

வெளியே ஏதோ வண்டி நின்ற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் வாசலைப் பார்த்தோம். பக்கத்து வீட்டுக்கு வந்த வண்டி.

"அக்கா" என்றான், குரலைத் தாழ்த்தி. "திறக்கலன்னு சொல்லிடு. டிஸ்க் போயிடுச்சுன்னு சொல்லு. நான் கம்பிய வெட்டலங்கறது உண்மைதானே? படம் இல்லன்னா அவராலயும் எதையும் நிரூபிக்க முடியாது. யார் மேல தப்புன்னு தெரியாம அப்படியே அடங்கிடும்."

"மத்த இடத்துல எப்படிக் கட்டியிருக்க?"

"மீதிய எல்லாம் பாத்தாச்சு, பத்திரமா இருக்குன்னு கான்ட்ராக்டர் சொன்னாராம்."

அந்தப் பதிலை நான் பிடித்துக்கொண்டேன். நம்பினேன் என்று சொல்லமாட்டேன். நம்புவது அப்போது வசதியாக இருந்தது. தம்பியின் சின்னப் பெண் என் மடியில் ஏறி அம்மிக்கல்லின் பொத்தான்களைத் தட்டுவது கண்முன் வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு பயமும் வந்தது. படத்தைக் காட்டினால், ஏன் துளை போடவில்லை என்று யாராவது கேட்பார்கள். அந்தப் பயம் முழுக்க முழுக்க எனக்கானது.

அதே கடையின் அடுத்த படத்தைச் சொடுக்கினேன். பில் போடும் பக்கத்து நடுப்படம். அம்மிக்கல் யோசிக்க ஆரம்பித்தது. அப்போது போன் அடித்தது.

போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், கொஞ்சம் தாமதமாகும்" என்றார் மேனேஜர். "சனிக்கிழமை இல்லையா, ஒரே கூட்டம். பில் போட ஆள் பத்தல, நானே ஒரு கவுன்டர்ல நிக்கறேன். படம் எடுத்து வெச்சிட்டீங்களா?"

தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார்" என்றேன். "கம்ப்யூட்டர் திறக்க மாட்டேங்குது."

அவர் சிரித்தார். "உங்க கம்ப்யூட்டரா மேடம்? சாகவே சாகாதுன்னு சொல்லித்தானே எங்க தலையில கட்டினீங்க?"

"பழசு சார். டிஸ்க் போயிடுச்சு போலிருக்கு."

நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கம்ப்யூட்டர்களைப் பற்றி யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். என் வாயாலேயே சொன்னேன். சொல்லி முடித்ததும் ஒரு நிம்மதிகூட வந்தது, வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

"போனாப் போகுது மேடம், வேற வழி பாக்கலாம்" என்றார் மேனேஜர். அவர் குரலுக்குப் பின்னால் கடை கேட்டது. பீப். பீப், பீப். சாமான் ஒவ்வொன்றாக ஓடுகிற சத்தம். நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கம்ப்யூட்டர்கள், ஒன்றுகூடக் கோளாறில்லாமல், வரிசையாக உழைத்துக்கொண்டிருந்தன. யாரோ ஒரு குழந்தை மிட்டாய் கேட்டு அழுதது.

திரையில் படம் வரி வரியாக இறங்கியது. கான்கிரீட் தளம். கொக்கிகள். கம்பிகள். அப்புறம் கேபிள் ட்ரே, கோடு போட்ட மாதிரி நேராக, பழப் பகுதியிலிருந்து கடையின் இந்தக் கோடி வரைக்கும். அதன் ஓரம் முழுக்கக் கறுப்பு முடிச்சுகள். கடைசி முடிச்சு பில் கவுன்டர்களுக்கு நேர் மேலே இருந்தது.

"மீதிய எல்லாம் அவர் எப்படிடா பாத்தார்?" என்று கிசுகிசுத்தேன்.

"கீழேர்ந்து டார்ச் அடிச்சுப் பாத்தாராம்" என்றான்.

கீழேயிருந்து பார்த்தால் வெள்ளைப் பலகைதான் தெரியும். அதை அவனும் அறிவான், நானும் அறிவேன்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். சொன்ன பொய்யை அதற்குள் எப்படித் திருப்பி எடுப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, தம்பி எட்டிப் போனை எடுத்துவிட்டான்.

"சார், எலக்ட்ரீஷியன் பேசறேன். பில் கவுன்டர்ல இருக்கற எல்லாரையும் இப்பவே வெளிய அனுப்புங்க. நீங்களும் வாங்க. அங்க மேல இருக்கறதும் விழும். நான் கட்டினதுதான், எனக்குத் தெரியும். சார், அப்புறம் பேசலாம், முதல்ல ஆளுங்கள எழுப்புங்க."

சிறுசிலிருந்து அவனைச் சொல்புத்தி கேட்கிறவன், சுயபுத்தி இல்லாதவன் என்று எத்தனை பேர் முன்னால் திட்டியிருப்பேன். அவன் அதற்குள் வண்டிச் சாவியை எடுத்திருந்தான். நான் அம்மிக்கல்லைப் பிடுங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு அவன் பின்னால் ஓடி ஏறினேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது. வழி முழுக்க அது என் தொடையை அழுத்திக்கொண்டே வந்தது. சிக்னலில் நின்றபோது அவன் முதுகு மூச்சு வாங்குவது தெரிந்தது.

கடை வாசலில் வெளியே வந்த கூட்டம் தள்ளுவண்டிகளோடு நின்று திட்டிக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீம் உருகுகிறது என்று ஒருவர் மேனேஜரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கான்ட்ராக்டர் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார்.

"நேத்து வரைக்கும் ஒண்ணுமே தெரியாதுன்ன, இன்னிக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார். "உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும். முதல்ல கடையைத் தொறந்து விடுங்க சார், இவன் தப்பிக்கறதுக்காக நாடகம் ஆடறான்."

தம்பி ஓரமாக ஏணியைச் சாய்த்து, ஏறி, சுவரை ஒட்டிய ஒரு பலகையை மட்டும் மெல்லத் தூக்கி டார்ச்சை உள்ளே அடித்தான். "சட்டம் வளைஞ்சிருக்கு" என்றான் மேலேயிருந்து. "கீழேர்ந்து தாங்க முட்டுக்கம்பி வேணும். நாலஞ்சு முட்டு குடுத்துட்டா மெதுவா எறக்கிடலாம்."

இறங்கி, பழப் பகுதியில் கிடந்த ஒரு முட்டுக்கம்பியைத் தூக்கிக்கொண்டு கவுன்டர்களுக்கு நடுவே போகப் பார்த்தான். நான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். "விடுக்கா" என்றான். விடவில்லை. சட்டைத் தையல் பிரிகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் ஒரு பலகை நழுவியது. அவசரமே இல்லாமல், தாள் விழுவது போல விழுந்து, மூன்றாவது கவுன்டரின் நாற்காலியில் உட்கார்ந்தது. அதைத் தொடர்ந்து சட்டம், ட்ரே, செப்புக் குழாய் எல்லாம் ஒரே சத்தமாக இறங்கின. வாசலில் நின்ற கூட்டம் மொத்தமும் பின்னால் சாய்ந்தது. தூசி எழுந்து வந்து எங்கள் எல்லாரையும் மூடியது.

தூசி அடங்கியது. மூன்றாவது கவுன்டர் பெண் தன் நாற்காலி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு, துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சார்" என்றான் தம்பி. முகமெல்லாம் வெள்ளை. "ட்ரேய சீலிங் கம்பியில கட்டினேன். மாத்தணும்னு தெரிஞ்சும் சொல்லாம விட்டுட்டேன். எழுதிக் குடுக்கறதுன்னா எழுதிக் குடுங்க. கம்பியை மட்டும் நான் வெட்டல."

"ஏம்பா இப்படிப் பண்ண?" என்று கேட்டார் மேனேஜர். திட்டவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "இத்தன நல்லா வேல செய்யற ஆளு. ஒரு துளை போட எவ்வளவு நேரம் ஆகும்?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "புத்தி கெட்டுப்போச்சு சார்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். நான் காத்திருந்தேன். என் பெயர் வரவே இல்லை. போன் செய்ததை அவன் சொல்லப் போவதில்லை என்று புரிந்தபோது, அவனை நாலு அறை அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். அவர் கண் என் கையிலிருந்த பைக்குப் போனது. "கம்ப்யூட்டர் போயிடுச்சுன்னீங்களே மேடம்" என்றார். "செத்துப்போனதைத் தூக்கிட்டு எதுக்கு வந்தீங்க?"

"சாகல சார்" என்றேன். "நான்தான் பொய் சொன்னேன்."

"அக்கா, வேணாம்" என்றான் தம்பி.

வாசல் ஓரத்தில் சாமான் மாற்றித் தருகிற மேஜை இருந்தது. தூசியைக் கையால் வழித்துத் தள்ளிவிட்டு அம்மிக்கல்லை வைத்து, பிளக்கைச் சொருகினேன். "ஒரு படம் காட்டறேன்" என்றேன் மேனேஜரிடம். "அதுல தூசியே இருக்காது. ஏன் இல்லன்னும் சொல்றேன். அதைக் கேட்டுட்டு யார் பேரெல்லாம் எழுதணுமோ எழுதுங்க."

மேனேஜர் வந்து நின்றார். கான்ட்ராக்டர் வந்தார். மூன்றாவது கவுன்டர் பெண்ணும் வந்து நின்றாள். எல்லாரும் கறுப்புத் திரையைப் பார்த்துக் காத்திருந்தோம். அதில் என் முகம் தெரிந்தது, தோளுக்குப் பின்னால் தம்பியின் வெள்ளை முகம் தெரிந்தது. இந்த ஒரு தரம் திறக்காமல் போய்விடக்கூடாதா என்று, அத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டு, நான் உண்மையாகவே ஆசைப்பட்டேன்.

அது திறந்தது.